கெரியோப் பள்ளத்தாக்கில் ஒரு மழைக்கோட்டு

இட்டேன் ஊரில் காலை ஆறு மணிக்குப் போர்வைக்குள் கிடப்பவர்கள் இரண்டே வகையினர்: காய்ச்சல்காரர்களும் வெளியூர் விருந்தாளிகளும். மற்றவர்கள் ஓடிக்கொண்டிருப்பார்கள். எட்டாயிரம் அடி உயரத்தில், மலையின் விளிம்பில் அமர்ந்திருக்கும் அந்த ஊரின் செம்மண் சாலைச் சந்திப்பில், விடிவதற்குச் சற்று முன் நாற்பது ஐம்பது பேர் கூடுவார்கள். கம்பளித் தொப்பியும் கனத்த மேல்சட்டையும் அணிந்து, உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டு, புகைபோல மூச்சு விட்டுக்கொண்டு நிற்பார்கள். யாரேனும் ஒருவர் கைக்கடிகாரத்தின் பொத்தானை அழுத்தியதும், கதவு திறந்த பட்டி ஆடுகளைப்போல ஒரே கூட்டமாகப் புறப்படுவார்கள். அங்கே தனியாக ஓடுகிறவர்களை ஒருவரும் மதிப்பதில்லை. கூட்டத்தை விட்டவருக்கு உடம்பில் கோளாறு, அல்லது மனத்தில் கோளாறு என்பது ஊரின் தீர்ப்பு.

சாலினா பத்து ஆண்டுகளாக அந்தக் கூட்டத்தை விட்டதில்லை. முப்பத்தோரு வயது, நெடிய கால்கள், சிரித்தால் முன்பற்களுக்கு நடுவே ஓர் இடைவெளி தெரியும். பிப்ரவரி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், ஓட்டம் முடிந்து எல்லாரும் புல்லில் அமர்ந்து கால்களை நீட்டியபோது, பயிற்சியாளர் கிமோசோப் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். ஏப்ரலில் நடக்கவிருந்த சாம்பியன்ஷிப் போட்டிக்கான பெயர்கள் அதில் இருந்தன. போட்டி நடப்பதோ கடல் சூழ்ந்த ஒரு தீவு நகரத்தில். மூச்சை இழுத்தால் தண்ணீர் குடித்ததுபோல் இருக்கும் என்று அங்கே போய் வந்தவர்கள் சொன்னார்கள்.

"பெண்கள் மாரத்தான். எட்னா, பிரிஸ்கா, லோர்னா. மூணு பேரும் திங்கட்கிழமை என்னோட மொம்பாசாவுக்குக் கிளம்பறீங்க. மூணு வாரம் கடலோரத்துல தங்கி, அந்தப் புழுக்கத்துக்கு உடம்பைப் பழக்கணும். நாலாவது, சாலினா. நீ இங்கயே இரு."

"நான் எதுக்குப் பழகணும் கோச்? நான்தான் வேடிக்கை பார்க்கப் போறவளாச்சே" என்றாள் சாலினா. சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"முழுசாக் கேளு. மூணாவது வாரக் கடைசியில, சனிக்கிழமை, மொம்பாசாவுலயே இருபது கிலோமீட்டர் சோதனை ஓட்டம். நாலு பேரும் ஓடணும். முதல்ல வர்ற மூணு பேருக்குத்தான் விமானம்."

"அவங்க மூணு வாரம் அங்க இருந்து பழகிட்டு ஓடுவாங்க. நான் இந்தக் குளிர்லேர்ந்து நேராப் போய் இறங்கி ஓடணுமா?"

கிமோசோப் கெட்டவர் அல்லர். முகாமில் மூன்று பேருக்குத்தான் இடம் கொடுத்திருந்தார்கள். அந்தத் தாளில் சாலினாவின் பெயருக்கு நேரே 'வெப்பம் தாங்காதவர்' என்று யாரோ எழுதியும் இருந்தார்கள். அதை அவர் படித்துக் காட்டவில்லை.

"மேல இருக்கற வரைக்கும் ரத்தம் கெட்டியா இருக்கும். கூட்டத்தோட ஓடு, வேளைக்குச் சாப்பிடு, மத்தியானம் தூங்கு. புதுசா எதையும் பண்ணி உடம்பைக் கெடுத்துக்காத" என்றார்.

படித்துக் காட்டாவிட்டாலும் அந்தக் குறிப்பு சாலினாவுக்குத் தெரியும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு துறைமுக நகரத்தில், முப்பத்தோராவது கிலோமீட்டரில், அவள் சாலையோரத்தில் சரிந்தாள். கண் விழித்தபோது கூடாரத்துக்குள் கிடந்தாள். கழுத்தில் பனிக்கட்டிப் பை. அன்று அவளுக்கு நினைவில் நின்றது ஒன்றுதான்: வியர்வை உலரவே இல்லை. ஒழுகி ஒழுகிக் காலணிக்குள் நிறைந்து, அடியெடுத்து வைக்கும்போதெல்லாம் சளசளவென்று ஓசை எழுப்பிற்று. இன்னொரு சாம்பியன்ஷிப்புக்குக் காத்திருக்கும் வயது தனக்கு இல்லை என்பதையும் அவள் அறிவாள். இந்த முறை விமானம் ஏறாவிட்டால், அவள் கதை அந்தக் கூடாரத்தோடு முடிந்துவிடும்.

வீட்டுக்கு வந்தபோது அவள் கணவன் கிபிவோட் தன் பிக்கப் வண்டியில் வெறும் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். மாம்பழக் காலம். தினமும் காலையில் கெரியோப் பள்ளத்தாக்குக்கு இறங்கிப் பழம் ஏற்றி, மாலையில் மேலே கொண்டுவந்து விற்பது அவன் தொழில். இட்டேனின் விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தால் அந்தப் பள்ளத்தாக்கு நான்காயிரம் அடிக்குக் கீழே, வெயிலில் வெளுத்துக் கிடக்கும்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவன் சொன்னான்: "வெயிலுக்காகவா மொம்பாசா போறாங்க? நான் தினம் கீழ போய் வெந்துட்டு வர்றேனே, என்னை யாராவது மாரத்தானுக்குக் கூப்பிட்டாங்களா?"

"விளையாடாத கிபிவோட். கெரியோ வெயில் காய்ஞ்ச வெயில். அங்க வேர்வை வந்த உடனே காத்துல போயிடும். எனக்கு வேண்டியது கடலோரப் புழுக்கம். உடம்புல வேர்வை அப்படியே நிக்கணும்."

"உலரக் கூடாது. அவ்வளவுதானே?"

அவன் வண்டியின் இருக்கைக்குப் பின்னால் கையை விட்டு, கசங்கிய மஞ்சள் நிற மழைக்கோட்டு ஒன்றை இழுத்தெடுத்தான். ஏப்ரல் மழையில் தார்ப்பாய் கட்டும்போது அவன் போட்டுக்கொள்வது, முழங்கால்வரை தொங்கும், பழைய மாம்பழ வாடை அடிக்கும்.

"இதை மாட்டிக்கிட்டு நண்பகல்ல கீழ ஓடிப் பாரு. வேர்வை எந்த வழியாப் போகுதுன்னு நானும் பார்க்கறேன்."

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, கூட்டத்தோடு மெதுவாக ஓடிவிட்டு வந்த சாலினா, அந்தக் கோட்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தபோது, கிபிவோட் சிரிக்கவில்லை. வண்டியைக் கிளப்பினான். தம்பாக் ஊரைத் தாண்டியதும் வளைவுகள் தொடங்கின. ஒவ்வொரு வளைவிலும் ஒரு மேலாடையைக் கழற்ற வேண்டியிருந்தது.

கீழே, செப்ளோச் பாலத்துக்குச் சற்று இப்பால், கிபிவோட்டின் தங்கை ஜெலகாட்டின் வீடு இருந்தது. ஜெலகாட்டுக்கு இருபது மாமரங்களும் முப்பது வெள்ளாடுகளும் அளவில்லாத வாயும் உண்டு. அண்ணி மழைக்கோட்டை மாட்டுவதை அவள் இடுப்பில் கைவைத்துப் பார்த்தாள்.

"அண்ணி, இங்க மழை பெய்ஞ்சு நாலு மாசம் ஆச்சு. உனக்கு மட்டும் தனியாப் பெய்யப் போகுதா?"

"பெய்ஞ்சா உனக்கும் ரெண்டு குடம் தர்றேன்."

"பக்கத்து வீட்டுல கேட்டா நான் என்ன சொல்றது? எங்கண்ணன் கட்டிக்கிட்டது நல்ல பொண்ணுதான், மேல குளிர் அதிகமாகி மூளை உறைஞ்சுபோச்சுன்னு சொல்லவா?"

"அப்படியே சொல்லு. உருக்கறதுக்குத்தான் கீழ வந்திருக்கான்னும் சேர்த்துச் சொல்லு."

சாலினா அன்று செய்த தவறு மலைக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடியது. கூட்டத்தோடு ஓடும் வேகம் அவள் கால்களில் ஊறியிருந்தது. கூட்டம் இல்லாத இடத்திலும் அதே வேகத்தில்தான் கால்கள் போயின. உயரத்தில் ஓடிப் பழகிய நுரையீரலுக்குக் கீழே காற்று தாராளமாகக் கிடைத்ததால், தொடக்கத்தில் பறப்பதுபோல் இருந்தது. அரைமணி நேரத்தில் கோட்டுக்குள் குளம் கட்டியது. நாற்பதாவது நிமிடத்தில் சாலை இரண்டாகத் தெரிந்தது. ஒரு முள்மரத்தின் அடியில் மண்டியிட்டு, காலையில் குடித்த தேநீரையெல்லாம் வெளியே தள்ளினாள். ஜெலகாட் கழுதைக்கு வைத்திருந்த தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து தலையோடு கவிழ்த்தாள்.

"சாகறதுன்னா மேலயே செத்திருக்கலாமே அண்ணி. டீசலாவது மிச்சமாகியிருக்கும்" என்று வைதுகொண்டே, பாவாடை நுனியால் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

மறுநாள் ஞாயிறு, தேவாலயம். திங்கட்கிழமை எட்னாவும் மற்ற இருவரும் கிமோசோப்போடு மொம்பாசா பேருந்தில் ஏறினார்கள். சாலினா மாம்பழ வண்டியில் ஏறினாள். அந்த முறை பயம் பிடித்துக்கொண்டது. ஆற்றோரமாக, மாந்தோப்புகளின் நிழலுக்குள்ளேயே முன்னும் பின்னுமாக ஓடினாள். திரும்பி வந்தபோது ஜெலகாட் ஆட்டுக்குட்டிக்குப் புல் காட்டியபடி கதை சொல்லத் தொடங்கினாள்.

"மேல காட்டுல வெள்ளை வால் குரங்கு இருக்கே, அதுல ஒண்ணுக்கு ஒரு நாள் ஆசை வந்துச்சாம். 'வெயில், வெயில்னு எல்லாரும் பயப்படறாங்களே, நான் போய்ப் பழகிட்டு வர்றேன்'னு கீழ இறங்கி வந்துச்சாம். வந்ததும் பெரிய அத்தி மரமாப் பார்த்து ஏறி உக்காந்துச்சு. பழமும் உண்டு, நிழலும் உண்டு. ஒரு மாசம் இருந்துட்டு மேல போய், 'வெயில்ல ஒண்ணுமே இல்லைப்பா, நான் முழுசாப் பார்த்துட்டேன்'னுச்சாம். மத்த குரங்கெல்லாம் அதை நம்பி வெட்டவெளிக்கு இறங்கி வந்து..."

"வந்து?"

"முந்தாநாள் நீ வாந்தி எடுத்தியே, அந்த முள்மரத்துக்குக் கீழ அதுங்களும் வாந்தி எடுத்துச்சாம்."

சாலினா வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு யோசித்தாள். வெயிலில் வெறிகொண்டு ஓடுவதும் பயனில்லை. நிழலில் ஒளிந்து ஓடுவதும் பயனில்லை. அடுத்த நாள் முதல் வெட்டவெளியில், கூட்டத்தின் வேகத்தை மறந்து, கிழவி சந்தைக்குப் போவதுபோல ஓடினாள். இருபது நிமிடம், அவ்வளவுதான். மறுநாள் இருபத்தைந்து. பிறகு முப்பது. முடிந்ததும் கோட்டைக் கழற்றாமல் கால்மணி நேரம் வெயிலிலேயே உட்கார்ந்திருப்பாள். உப்புப் போட்ட தண்ணீரும், ஜெலகாட் சுரைக்குடுக்கையில் வைத்திருக்கும் புளித்த பாலும் குடிப்பாள். மாலை நான்கு மணிக்கு மாம்பழப் பெட்டிகளுக்கு நடுவே அமர்ந்து மேலே போவாள். இரவு இரண்டு கம்பளிக்குள் சுருண்டு, கல்போலத் தூங்குவாள். பகலில் கடலோரம், இரவில் மலையுச்சி; இரண்டையும் ஒரே நாளில் கொடுக்கக்கூடிய ஊர் உலகத்தில் எத்தனை இருக்கும் என்று ஒருநாள் வளைவுகளில் ஏறும்போது அவள் எண்ணிக்கொண்டாள். அந்த எண்ணம் அவளுக்குப் பெருமையாக இருந்தது.

அவள் ஓடி முடித்துக் கழற்றும் சட்டையையும் கோட்டையும் ஜெலகாட்டின் முள்வேலியில் உலர்த்துவது வழக்கம். முதல் வாரத்தில் அதுவே ஒரு தொல்லையாக இருந்தது. துணி வேலியில் விழுந்ததும் ஆடுகள் ஓடிவந்து முட்டிமோதி நக்கும். வியர்வை உலர்ந்து வெள்ளை வெள்ளையாகப் படிந்த உப்பு அவற்றுக்கு விருந்து.

"விடு அண்ணி, உப்புக்கல் வாங்கற செலவு எனக்கு மிச்சம்" என்பாள் ஜெலகாட். சாலினா கோலை எடுத்துக்கொண்டு அவற்றை விரட்டுவாள். ஒரு சட்டைக்கு நெஞ்சுப் பகுதியே இல்லாமல் போயிற்று.

இதற்குள் மேலே ஊர் பேசத் தொடங்கிவிட்டது. கூட்டம் மறுபடி கூடும் பத்து மணி ஓட்டத்துக்குச் சாலினா வருவதில்லை. மாலை ஓட்டத்துக்கும் வருவதில்லை. மாம்பழ வண்டியில் போகிறாள், வருகிறாள். இரண்டாம் வாரம் கிமோசோப்பிடமிருந்து தொலைபேசி வந்தது.

"என்ன சாலினா, பழ வியாபாரத்துல இறங்கிட்டியாமே?"

"இல்ல கோச். கீழ ஓடறேன். நண்பகல்ல."

"நண்பகல்ல? கெரியோவுல?"

"மழைக்கோட்டுப் போட்டுக்கிட்டு, கோச்."

"உனக்கு என்ன ஆச்சு? புதுசா ஒண்ணும் பண்ணாதன்னு சொன்னேனா இல்லையா? ஏற்கெனவே ஒரு தடவை விழுந்தவ நீ. இன்னொரு தடவை விழுந்தா யாரும் உன் பேரைக்கூட எழுத மாட்டாங்க. நாளையிலேர்ந்து நிறுத்து. கூட்டத்தோட ஓடு. புரிஞ்சுதா?"

"சரி கோச்" என்றாள் சாலினா.

பத்து ஆண்டுகளில் அவள் அவருக்குச் சொன்ன முதல் பொய் அது. அன்றிரவு களியும் கீரையும் தட்டில் ஆறிக்கொண்டிருந்தன. கிபிவோட் கேட்டான்: "நாளைக்கு நான் தனியாப் போகணுமா?"

"அவர் சொல்றதும் நியாயம்தான். நான் விழுந்தவதானே? இந்தப் பைத்தியக்காரத்தனத்தால உடம்புக்கு ஏதாவது நல்லது நடக்குதா, கெடுதல் நடக்குதான்னு எனக்கே தெரியலை. தெரிஞ்சா துணிஞ்சு போகலாம்."

அவனுக்கும் தெரியவில்லை. காலையில் வண்டியைக் கிளப்பியபோது, அவன் அவளைக் கூப்பிடவில்லை. ஆனால் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தேவைக்கு அதிகமாகவே கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவள் வந்து ஏறினாள்.

அது அவள் கீழே ஓடிய பதினோராவது நாள். ஐம்பது நிமிடம் ஓடிவிட்டு வந்து, சட்டையை வேலியில் போட்டுவிட்டுக் கோலைத் தேடினாள். கோலுக்கு வேலை இருக்கவில்லை. இரண்டு ஆடுகள் மட்டும் வந்தன, முகர்ந்து பார்த்தன, ஒன்று நாக்கால் ஒருமுறை தொட்டுவிட்டுத் திரும்பிப் போய்விட்டது.

ஜெலகாட் சமையல் குடிசையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "என்ன அண்ணி, இன்னைக்கு ஓடவே இல்லையா? சட்டையைத் தண்ணியில நனைச்சுக் கொண்டுவந்து போட்டியா?"

"பிழிஞ்சு பாரு. ஒரு செம்பு வேர்வை இருக்கு."

"அப்ப உன் வேர்வையில சத்து போயிடுச்சு. ரெண்டு நாளாவே பார்க்கறேன், எங்க ஆடு உன்னைச் சீண்ட மாட்டேங்குது."

சாலினா தன் முன்னங்கையை நாக்கில் வைத்துப் பார்த்தாள். முதல் வாரத்தில் கண்ணில் வழிந்து எரிந்த உப்பு இப்போது பெயரளவுக்குத்தான் இருந்தது. அப்போதுதான் மற்றவையும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. இப்போதெல்லாம் ஓடத் தொடங்கிய சில நிமிடங்களிலேயே வியர்வை பெருகிவிடுகிறது. கழுத்தில் விரல் வைத்து எண்ணினால் நாடி முன்போலத் துள்ளுவதில்லை. தலை சுற்றி எத்தனையோ நாளாயிற்று. நீரைத் தாராளமாக வெளியே விட்டு உடம்பைக் குளிரவைக்கவும், உப்பை மட்டும் உள்ளே பிடித்துவைத்துக்கொள்ளவும் அந்த உடம்பு யாரிடமும் கேட்காமல் கற்றுக்கொண்டிருந்தது. எந்த மருத்துவரின் சீட்டும் அவளுக்கு அவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்காது.

"ஜெலகாட், உன் ஆடுங்களுக்கு நான் உப்புக்கல் வாங்கித் தர்றேன்" என்றாள். ஏன் என்று ஜெலகாட் கேட்டதற்கு அவள் குட்டி ஒன்றைத் தூக்கி அதன் நெற்றியில் முத்தமிட்டாள். அதற்குப் பிறகு நிறுத்துவதைப் பற்றி அவள் யோசிக்கவே இல்லை. இன்னும் நான்கு நாள் கீழே ஓடினாள்.

சோதனைக்கு இரண்டு நாள் முன்பாக, வியாழக்கிழமை பிற்பகலில், சாலினா மொம்பாசாவில் பேருந்தை விட்டு இறங்கினாள். காற்று ஈரத்துணிபோல முகத்தில் ஒட்டியது. இரண்டாண்டுக்கு முன் இதேபோன்ற காற்றில்தான் அவளுக்கு மூச்சு முட்டியது. இப்போது பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, விடுதிவரை நடந்தே போனாள். எட்னாவின் அறைக் கதவைத் தட்டினாள். எட்னா அவளோடு பத்தாண்டுகளாக ஒரே கூட்டத்தில் ஓடுகிறவள். சாலினாவின் திருமணத்தில் மணப்பெண் தோழியாக நின்றவள்.

"வா வா, சீக்கிரம் கதவைச் சாத்து! சூடு உள்ள வருது!"

உள்ளே காலடி வைத்ததும் சாலினாவின் கைமயிர் சிலிர்த்தது. ஜன்னல் திரைகள் இழுத்து மூடியிருந்தன. சுவரின் மேலே குளிரூட்டி உறுமிக்கொண்டிருந்தது. கம்பளித் தொப்பியை மாட்டிக்கொண்டு, கழுத்துவரை போர்த்திக்கொண்டு, எட்னா ஆவி பறக்கும் பால் தேநீரை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

"பதினேழுல வச்சிருக்கேன். அப்படியே இட்டேன் மாதிரி இல்ல? இது மட்டும் இல்லைன்னா இந்த ஊர்ல மனுஷன் தூங்க முடியுமா?"

"எப்பப்பா ஓடறீங்க?"

"எப்பவும்போலத்தான். விடியறதுக்கு முன்னாடி அஞ்சரைக்குக் கிளம்புவோம். வெயில் ஏறறதுக்குள்ள வந்துடுவோம். சாயங்காலம் பொழுது சாய்ஞ்சதும் கொஞ்சம். நடுவுல நல்லாத் தூக்கம். கோச் ரொம்ப சந்தோஷமா இருக்கார், ஒருத்தருக்கும் ஒரு தலைவலிகூட வரலை."

அத்தி மரத்துக் குரங்கு சாலினாவின் கண்முன் வந்து உட்கார்ந்தது. சிரிப்பு வரவில்லை. மூன்று வாரமும் வீணாகிப்போன தோழியைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அந்தப் பாவத்துக்கு அடியில், ஒத்துக்கொள்ள வெட்கமான ஒரு மகிழ்ச்சியும் இருந்தது. அந்த மகிழ்ச்சி பிடிக்காமல்தான் அவள் சொன்னாள்:

"எட்னா, அதை அணைச்சுட்டு வா. கொஞ்ச நேரம் வெளியில, வெயில்ல உக்காரலாம்."

"சோதனைக்கு ரெண்டு நாள் இருக்கும்போதா? மாம்பழம் தின்னு தின்னு உனக்குப் பித்து ஏறிடுச்சு. இந்தா, தேநீர் குடி."

சாலினா குடித்தாள். இரவு தன் அறையில் குளிரூட்டியை அணைத்துவிட்டு, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு படுத்தாள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குச் சோதனை தொடங்கியது. கடலோரச் சாலையில் ஐந்து கிலோமீட்டர்ச் சுற்று, நான்கு முறை. தேர்வாளர்கள் ஒரு பந்தலின் கீழே விசிறிக்கொண்டிருந்தார்கள். முதல் சுற்றில் எட்னாவும் பிரிஸ்காவும் லோர்னாவும் தோளோடு தோள் சேர்ந்து, இட்டேன் வேகத்தில், பார்க்க அழகாகப் போனார்கள். சாலினா எண்பது மீட்டர் பின்னால் இருந்தாள். அவர்களோடு போய்ச் சேர்ந்துகொள் என்று அவள் கால்கள் கெஞ்சின. முள்மரத்தை நினைத்துக்கொண்டு கால்களை அடக்கினாள்.

பந்தலைக் கடந்தபோது கிமோசோப் கத்தினார்: "சாலினா! முடியலைன்னா நின்னுடு! பிடிவாதம் வேண்டாம்!"

அவள் கையை மட்டும் ஆட்டினாள். வியர்வை வழிந்து காலணிக்குள் இறங்கியது. சளசளவென்ற அந்தப் பழைய ஓசை கேட்டது. கழுத்து நாடியை மனத்தால் தேடினாள். அது தன் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. ஓசை வெறும் ஓசையாகவே அவளோடு ஓடிவந்தது.

பன்னிரண்டாவது கிலோமீட்டரில் லோர்னா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தாள். பதினைந்தில் பிரிஸ்காவின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. சாலினாவின் வேகம் தொடக்கத்தில் இருந்ததுதான். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கடைசிச் சுற்றில் எட்னாவை எட்டிப் பிடித்தாள். எட்னாவின் உதடு வெளுத்திருந்தது. முகத்தில் வியர்வை குறைந்து தோல் காய்ந்திருந்தது.

"மெதுவாப் போ எட்னா. தண்ணியத் தலையில ஊத்திக்கோ. பின்னால ரொம்பத் தூரம் இருக்காங்க, நீ நடந்தாக்கூட மூணாவதா வந்துடுவே."

"நீ போ... போடி... என்னைப் பார்த்துக்கிட்டே நிக்காத" என்று எட்னா மூச்சுக்கு நடுவே வைதாள்.

சாலினா முதலில் வந்தாள். இரண்டரை நிமிடம் கழித்துப் பிரிஸ்கா. நடந்தும் ஓடியும் எட்னா மூன்றாவது. லோர்னா பந்தலுக்கு வந்துசேர்ந்தபோது அழுதுகொண்டிருந்தாள். சாலினா அவள் பக்கத்தில் உட்கார்ந்து, ஈரத்துண்டைப் பிழிந்து பிழிந்து அவள் பிடரியில் வைத்தாள்.

கிமோசோப் வந்து அவர்களுக்கு எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நிறுத்துன்னு சொன்னேன்."

"சொன்னீங்க கோச்."

"நீயும் சரின்னு சொன்னே."

"சொன்னேன் கோச். பொய்தான் சொன்னேன்."

அவர் துண்டுகளின் கீழே கிடந்த மூன்று பேரையும் பார்த்தார். விடுதியின் மூடிய ஜன்னல்களைப் பார்த்தார். ஒவ்வொரு ஜன்னலுக்கும் வெளியே குளிரூட்டிகளிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் முகத்தில் கோபம் வந்து, நின்று, இடம் தெரியாமல் எங்கோ போயிற்று.

"இவங்களை வெயில்கிட்டக் கூட்டிட்டு வந்துட்டு, வெயில் படாமப் பார்த்துக்கிட்டேன். மூணு வாரம்!" என்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்தார். நான்காவதாக இருந்த பெயரை அடித்துவிட்டு, முதலில் எழுதினார். பக்கத்தில் இருந்த குறிப்பையும், எழுத்துத் தெரியாதபடி, இரண்டு முறை அடித்தார். தாளைத் திருப்பி, வெற்றுப் பக்கத்தை முழங்காலில் வைத்துக்கொண்டார்.

"போட்டிக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கு. சொல்லு, எழுதிக்கறேன். முதல் நாள் எவ்வளவு நேரம் ஓடினே?"

"முதல் நாளை விட்டுடுங்க கோச். அன்னைக்கு வாந்தி எடுத்தேன்."

எட்னா துண்டுக்கு அடியிலிருந்து சிரித்தாள்; சிரிப்பு இருமலாக முடிந்தது. "அதையும் எழுதுங்க கோச். எனக்கு ஆறுதலா இருக்கும்" என்றாள்.

ஞாயிறும் திங்களும் ஓய்வு. செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, நிழல் காலடிக்குள் சுருங்கியிருந்த நேரத்தில், மூன்று பெண்கள் விடுதி வாயிலிலிருந்து மெல்ல ஓடத் தொடங்கினார்கள். இருபது நிமிடம், அதற்குமேல் ஒரு நிமிடமும் இல்லை. கிமோசோப் வாடகைச் சைக்கிளில் பின்னாலேயே வந்தார். ஓடுகிறவர்களைவிட அவருக்குத்தான் அதிகமாக வியர்த்தது. ஐம்பது வயது உடம்பு. மேலே கனத்த மேல்சட்டையை வேறு வழக்கம்போல மாட்டிக்கொண்டு வந்திருந்தார்.

திரும்பி வந்ததும் சாலையோரத்து இளநீர்க்காரர் தள்ளுவண்டியைச் சுற்றி நின்றார்கள். அவர் ஒரு காயைச் சீவி எட்னாவிடம் கொடுத்துவிட்டு, நான்கு பேரையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"மலைநாட்டு ஓட்டக்காரங்க இந்த விடுதியில மூணு வாரமாத் தங்கியிருக்காங்கன்னு சொன்னாங்க. நான் காலையிலேர்ந்து சாயங்காலம்வரை இங்கயேதான் நிக்கறேன். ஒருத்தரைக்கூடக் கண்ணால பார்த்ததில்லை. நீங்கல்லாம் இன்னைக்குத்தான் வந்தீங்களா ஐயா?"

சாலினா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். எட்னா இளநீருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

கிமோசோப் மேல்சட்டையைக் கழற்றி, பிழிந்து, சைக்கிளின் கைப்பிடியில் போட்டார்.

"ஆமாப்பா" என்றார். "இன்னைக்குத்தான் வந்தோம்."